முழுக்கைச் சட்டை

1860ஆம் ஆண்டில் மூன்று ஊர்களில் மூன்று காரியங்கள் நடந்தன. ஒன்றைச் செய்தவருக்கு மற்றது தெரிந்திருக்க வாய்ப்பில்லை. இன்று நானும் நீங்களும் நம் பிள்ளைகளை வளர்க்கும் வீடுகளுக்குள் அந்த மூன்றும் இருக்கின்றன.

முதலாவது பாரிசில். ஆம்ப்ருவாஸ் தார்தியூ என்ற சட்ட மருத்துவர், பெற்றோராலும் பாதுகாவலர்களாலும் ஆசிரியர்களாலும் கொடுமைப்படுத்தப்பட்ட 32 பிள்ளைகளைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். அவர்களில் 18 பேர் இறந்துவிட்டவர்கள். உடலில் எங்கெங்கே காயம், எது பழையது, எது புதியது, எது சாட்டைத் தடம், எது சூடு என்று வரிசையாகக் குறித்தார். அந்தப் பிள்ளைகளின் முகத்தைப் பற்றியும் எழுதினார். சோகம் படிந்த, அஞ்சி ஒடுங்கிய முகங்கள், ஒளியில்லாத கண்கள். கொடுமைப்படுத்தியவர்களிடமிருந்து பிரித்து நல்ல இடத்தில் வைத்ததும் அந்த முகம் எவ்வளவு விரைவில் மாறிவிடுகிறது என்பதையும் கவனித்தார்.

இரண்டாவது இங்கிலாந்தின் ஈஸ்ட்போர்னில். ரெஜினால்ட் கான்செலர் என்ற பதினைந்து வயதுப் பையனுக்குப் பாடம் ஏறவில்லை. ஆசிரியர் தாமஸ் ஹாப்லி தந்தைக்குக் கடிதம் எழுதி, அடித்துத் திருத்த அனுமதி வாங்கிக்கொண்டார். ஏப்ரல் மாதத்து இரவு ஒன்றில் அடித்தார். பையன் இறந்துபோனான். உடலைக் குடும்பத்தாருக்குக் காட்டியபோது கைகளில் கையுறையும் கால்களில் நீளக் காலுறையும் போட்டிருந்தார்கள். ஹாப்லிக்கு நான்கு ஆண்டுச் சிறை கிடைத்தது. ஆனால் தீர்ப்பில் நீதிபதி ஒரு கோடு கிழித்தார்: பெற்றோரோ ஆசிரியரோ பிள்ளையைத் திருத்துவதற்காக மிதமாக, நியாயமாக அடிக்கலாம், அளவு மீறினால்தான் குற்றம். ‘நியாயமான தண்டனை’ என்ற சொல் ஆங்கிலச் சட்டத்தில் நிலைபெற்றது அப்படித்தான்.

மூன்றாவது கல்கத்தாவில். அந்த ஆண்டு அக்டோபரில் இந்திய தண்டனைச் சட்டம் நிறைவேறியது. அதன் 89ஆம் பிரிவு, பன்னிரண்டு வயதுக்குட்பட்ட பிள்ளையின் நன்மைக்காகப் பாதுகாவலரோ, அவர் சம்மதத்தோடு வேறொருவரோ நல்லெண்ணத்தோடு செய்யும் செயல் குற்றமாகாது என்றது. விதிவிலக்குகள் உண்டு, கொலையையோ கொடுங்காயத்தையோ அது காக்காது. ஆனால் பிரம்பெடுத்த வாத்தியாரை நீதிமன்றத்தில் காப்பாற்ற இந்தப் பிரிவு நெடுங்காலம் உதவியது. 1871இல் மலாயா, சிங்கப்பூர்ப் பக்கத்து நீரிணைக் குடியேற்றங்களுக்கும், 1883இல் இலங்கைக்கும் இதே அச்சில் சட்டங்கள் வந்தன. சென்னை, யாழ்ப்பாணம், பினாங்கு, சிங்கப்பூர் என்று தமிழர் வாழ்ந்த ஊர்களுக்கெல்லாம் ‘நல்லெண்ணம்’ என்ற இந்தச் சொல் போய்ச் சேர்ந்தது. 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த இந்தியாவின் புதிய சட்டத்திலும் அது தொடர்கிறது.

ஒருவர் பிள்ளையின் உடலைப் படித்தார். மற்ற இருவகையாரும் அடித்தவரின் மனத்தைப் படிக்கச் சொன்னார்கள். அடுத்த நூறாண்டுக்கு வென்றது இரண்டாவது வழிதான். தார்தியூவை அவர் காலத்து மருத்துவ உலகம் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. 1879இல் அவர் இறந்தார். கட்டுரை நூலகங்களில் தூங்கியது.

*

பிரம்பை வெள்ளைக்காரன்தான் கொண்டுவந்தான் என்று சொல்லித் தப்பிக்க முடியாது. நம் திண்ணைப் பள்ளிக்கூடங்களில் கோதண்டம் என்றொரு தண்டனை இருந்தது. பையனைக் கயிற்றில் தொங்கவிடுவது. முருங்கையை ஒடித்து வளர்க்கணும், பிள்ளையை அடித்து வளர்க்கணும் என்ற பழமொழி எந்தச் சட்டப் புத்தகத்திலிருந்தும் வரவில்லை. அடியாத மாடு படியாது என்பதும் அப்படியே. என் தலைமுறையில் பள்ளியில் சேர்க்க வரும் அப்பாக்கள் வாத்தியாரிடம் சொல்வது ஒன்றே: “கண்ணு ரெண்டை மட்டும் விட்டுட்டு மத்த இடத்துல தோலை உரிச்சிடுங்க சார்.” இதைச் சிரித்துக்கொண்டே சொல்வார்கள். வாத்தியாரும் சிரிப்பார். பக்கத்தில் நிற்கிற பையனும் சிரிக்க வேண்டும்.

நம்மிடம் வேறு குரல்களும் இருந்தன. குறளின் மக்கட்பேறு அதிகாரத்தில் பிள்ளையைத் தொடுவதும் அதன் மழலையைக் கேட்பதும் சிறுகை அளாவிய கூழும் உண்டு, பிரம்பு இல்லை. தெய்வத்தையும் அரசனையும் கைக்குழந்தையாக்கிக் கொஞ்சுவதற்கென்றே பிள்ளைத்தமிழ் என்ற ஓர் இலக்கிய வகையை வளர்த்த மொழி இது. ஆகவே ‘நம் பண்பாடு அடித்து வளர்ப்பது’ என்று யாராவது சொன்னால், எந்தப் பண்பாட்டைச் சொல்கிறீர்கள் என்று கேட்கலாம்.

திருநெல்வேலிப் பக்கம் நான் படித்த பள்ளியில், ஏழாம் வகுப்பில், ஒரு பையன் சித்திரை வெயிலிலும் முழுக்கைச் சட்டைதான் போட்டு வருவான். குழாயடியில் கை கழுவும்போதுகூடச் சட்டையை மேலே மடிக்க மாட்டான். அவன் கையில் தடங்கள் இருந்தது வகுப்பில் எல்லோருக்கும் தெரியும். வாத்தியார்களுக்கும் தெரியும். அவன் அப்பா கொஞ்சம் கோபக்காரர் என்பதோடு பேச்சு முடிந்துவிடும். எட்டாம் வகுப்புக்கு அவன் வரவில்லை. பல ஆண்டுகள் கழித்து ஈஸ்ட்போர்ன் வழக்கைப் பற்றிப் படித்தபோது, இறந்த பையனின் கைகளில் போட்ட கையுறை என்ற இடத்தில் எனக்கு அந்தச் சட்டை நினைவுக்கு வந்தது. மூடியிருக்கிற துணியும் ஓர் அடையாளம்தான் என்பதை இப்போது எந்தப் பயிற்சி வகுப்பிலும் சொல்லிக்கொடுக்கிறார்கள். அன்று அதைச் சொல்ல ஆளில்லை.

*

அடையாளங்களை உலகம் மறுபடியும் படிக்கத் தொடங்கியதற்கு ஒரு கதையை எல்லோரும் சொல்வார்கள். 1874இல் நியூயார்க்கில் மேரி எலன் என்ற பத்து வயதுச் சிறுமியை வளர்ப்புத் தாய் தினமும் அடித்தார். கத்தரிக்கோலால் முகத்தில் கீறினார். எட்டா வீலர் என்ற பெண்மணி காவல்துறை முதல் பல கதவுகளைத் தட்டிப் பார்த்துவிட்டு, கடைசியில் மிருகவதைத் தடுப்புச் சங்கத்தின் தலைவர் ஹென்றி பெர்கிடம் போனார். குழந்தையும் ஒரு விலங்குதானே என்று சொல்லி மிருகவதைச் சட்டத்தின் கீழ் அவளைக் காப்பாற்றினார்கள் என்பது பரவலாகச் சொல்லப்படுவது. அது உண்மையல்ல. பெர்கின் வழக்கறிஞர் எல்பிரிட்ஜ் கெர்ரி, சட்டவிரோதமாக அடைத்துவைக்கப்பட்டவரை நீதிமன்றத்தில் நிறுத்தச் சொல்லும் ஆட்கொணர்வு வழியைத்தான் பயன்படுத்தினார். விலங்குகளுக்கு 1866 முதல் ஒரு சங்கம் இருந்தது. பிள்ளைகளுக்கு இல்லை என்பதுதான் அந்தக் கதையில் உண்மையான பகுதி. அந்த ஆண்டின் முடிவிலேயே பிள்ளைகளுக்கான சங்கம் நியூயார்க்கில் தோன்றியது. 1883இல் லிவர்பூலில் ஒன்று. 1889இல் பிரிட்டனில் குழந்தைக் கொடுமைத் தடுப்புச் சட்டம். 1920இல் மதராஸ் மாகாணத்தில் இந்தியாவின் முதல் சிறார் சட்டம்.

மேரி எலன் வளர்ந்து, மணம்செய்து, தன் பெண்களில் ஒருத்திக்கு எட்டா என்று பெயர் வைத்தார். 92 வயதில் 1956இல் இறந்தார்.

சங்கங்கள் வந்தன, ஆனால் மருத்துவமனைக்குள் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வந்து “விழுந்துட்டான் டாக்டர்” என்று சொல்லும் பெற்றோரை மருத்துவர்கள் நம்பிக்கொண்டேதான் இருந்தார்கள். அந்த நம்பிக்கையை முதலில் அசைத்தது எக்ஸ்ரே. 1946இல் நியூயார்க்கில் கதிரியக்க மருத்துவர் ஜான் கேஃபி ஆறு கைக்குழந்தைகளைப் பற்றி எழுதினார். ஆறு பேருக்கும் மூளையுறைக்குக் கீழே இரத்தக் கட்டு. அதோடு கைகால் எலும்புகளில் மொத்தம் 23 முறிவுகள். சில முறிவுகள் புதியவை, சில ஆறத் தொடங்கியவை. இந்த முறிவுகளுக்குப் பொருத்தமான ஒரு விபத்தைக்கூட யாரும் சொல்லவில்லை. தோலில் காயம் ஆறிவிடும். எலும்பு தன் நாட்குறிப்பை வைத்திருக்கும். ஆனாலும் கேஃபி அந்தக் கட்டுரையில் பெற்றோரை நோக்கி விரல் நீட்டவில்லை. 

விரல் நீட்டப் பதினாறு ஆண்டுகள் ஆயின. 1962 ஜூலையில் கொலராடோவின் டென்வர் நகரத்துக் குழந்தை மருத்துவர் ஹென்றி கெம்பும் அவருடைய கூட்டாளிகளும் ‘அடிக்கப்பட்ட குழந்தை நோய்க்குறி’ என்ற தலைப்பில் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். 71 மருத்துவமனைகளைக் கேட்டதில், ஓராண்டில் 302 பிள்ளைகள். 33 பேர் இறந்திருந்தார்கள். 85 பேருக்கு மூளையில் நிரந்தரச் சேதம். அக்கட்டுரைக்குப் பின் ஐந்தே ஆண்டுகளில் அமெரிக்க மாநிலங்கள் எல்லாம், சந்தேகம் வந்தால் மருத்துவர் தெரிவித்தே ஆகவேண்டும் என்று சட்டம் போட்டன.

கெம்ப் நாஜி ஜெர்மனியிலிருந்து தப்பி வந்த யூதர். அகதிப் பையனாக அமெரிக்காவில் கால் வைத்தவர். இன்னொரு செய்தி நமக்கு நெருக்கமானது. பெரியம்மை ஆய்வுக்காக அவர் பணிசெய்த ஊர்களில் ஒன்று மதராஸ். அங்கே நோயாளிகளோடு பழகியவர்களிடம் நடத்திய ஒரு தடுப்பு மருந்து ஆய்வு, தமிழ் மருத்துவர்களின் பெயர்களோடு 1961இல் உலக சுகாதார நிறுவனத்தின் இதழில் வந்தது. அதற்கு அடுத்த ஆண்டுதான் டென்வர் கட்டுரை. பெரியம்மையைக் கண்ணால் பார்த்து அடையாளம் காணலாம். பார்த்தவர் சொல்லியாக வேண்டும். சொன்னால் பரவுவதைத் தடுக்கலாம். தொற்றுநோய்க்காரரின் இந்தப் பழக்கம் அவருடைய இரண்டாவது வேலைக்கும் உதவியிருக்கும் என்பது என் ஊகம்.

*

அதற்குப் பிறகு மருத்துவம் கற்றுக்கொண்டவற்றை இங்கே சொல்லிவிடுகிறேன். இவை பயிற்சி பெற்றவர்களிடம் மட்டும் இருக்கவேண்டிய இரகசியங்கள் அல்ல.

ஓடியாடும் பிள்ளைக்கு முழங்காலிலும் முன்காலிலும் நெற்றியிலும் காயம் இருக்கும். அது பிள்ளைத்தனத்தின் கணக்கு. ஆனால் தவழவே தொடங்காத குழந்தைக்குக் கன்றிப்போன தடம் வருவது மிக அரிது. 1999இல் அமெரிக்காவில் வந்த ஓர் ஆய்வில், கொடுமை பற்றிய சந்தேகமே இல்லாத ஆறு மாதத்துக்குட்பட்ட 366 குழந்தைகளைப் பார்த்தபோது, கன்றிய தடம் இருந்தது இரண்டே பேருக்கு. நான்கு வயதுக்குட்பட்ட பிள்ளைக்குக் காதிலோ கழுத்திலோ நெஞ்சு, வயிறு, முதுகிலோ கன்றியிருந்தால் மருத்துவர்கள் இப்போது நின்று பார்க்கிறார்கள். விழும் பிள்ளை காதில் அடிபட விழுவது அரிது. அடுத்தது உருவம். பெல்ட்டின் பட்டை, மடித்த ஒயரின் வளையம், ஐந்து விரல், சிகரெட்டின் வட்டம் எல்லாம் தோலில் தம் வடிவத்தை விட்டுச் செல்லும். வெந்நீரில் தவறிக் கால் வைத்த பிள்ளைக்குக் கொப்புளங்கள் சிதறியிருக்கும். அமுக்கிப் பிடிக்கப்பட்ட பிள்ளைக்குக் காலுறை போட்டதுபோல் கோடு நேராக இருக்கும். குலுக்கப்பட்ட கைக்குழந்தைக்கு வெளியே ஒன்றுமே தெரியாமலிருக்கலாம்; தலை கனமானது, கழுத்து வலுவற்றது, இரத்தக் கசிவு உள்ளே.

காயத்தோடு வரும் கதையையும் கேட்க வேண்டும். கதைக்கும் காயத்துக்கும் பொருந்தாமை, சொல்லும் ஒவ்வொரு முறையும் மாறுவது, அடிபட்டு நாள் கழித்து மருத்துவரிடம் வருவது, ஒவ்வொரு முறையும் வேறு மருத்துவமனைக்குப் போவது. பிள்ளையையும் பார்க்க வேண்டும். கையை உயர்த்தினால் ஒடுங்குவது, வீட்டுக்குப் போகும் நேரம் வந்ததும் மௌனமாவது, பெரியவர் முகத்தையே அசையாமல் பார்த்துக்கொண்டு அவர் மனநிலையைக் கணித்துக்கொண்டிருப்பது. இந்த உறைந்த கவனத்தை நம்மவர் பலர் ‘எவ்வளவு அடக்கமான பிள்ளை’ என்று பாராட்டிவிடுவோம்.

எச்சரிக்கையும் தேவை. நம் குழந்தைகள் பலருக்குப் பிறக்கும்போதே இடுப்பிலும் பிட்டத்திலும் நீலத் திட்டுகள் இருக்கும். அவை மச்சம் போன்றவை, காயமல்ல. பழகாத கண் அவற்றைக் கன்றிய தடமாக எடுத்துக்கொண்டதுண்டு. கருநிறத் தோலில் உண்மையான கன்றல் கண்ணுக்குத் தப்புவதும் உண்டு. எலும்பு நோய்களும் இரத்தம் உறையாக் கோளாறுகளும் உண்டு. ஓர் அடையாளம் தீர்ப்பாகிவிடாது. அது ஒரு கேள்வி. கேட்கப்பட வேண்டிய கேள்வி.

*

நான் வசிக்கும் வட இங்கிலாந்து நகரத்தில் சனிக்கிழமைகளில் ஒரு தமிழ்ப் பள்ளி நடக்கிறது. ஈழத்துக் குடும்பங்களும் தமிழ்நாட்டுக் குடும்பங்களுமாக வருகிறோம். அங்கே தொண்டு செய்பவர்களுக்குச் சிறார் பாதுகாப்புப் பயிற்சி கட்டாயம். சென்ற முறை பயிற்சி முடிந்து தேநீர் குடிக்கும்போது, என் வயதொத்த ஒருவர் கேட்டார்: “நாம எல்லாரும் அடி வாங்கித்தானே வளர்ந்தம், அண்ணா? நல்லாத்தானே இருக்கிறம்?” கேள்வி நேர்மையானது. கூடியிருந்த பலரின் மனதிலும் இருந்தது.

அதற்கு ஒரு பதில் 1998இல் அமெரிக்காவின் சான் டியேகோவிலிருந்து வந்தது. வின்சென்ட் ஃபெலிட்டி, ராபர்ட் ஆண்டா என்ற மருத்துவர்கள், சாதாரண உடல் பரிசோதனைக்கு வந்துபோன 9,508 பெரியவர்களிடம், சிறுவயதில் வீட்டில் பட்ட துன்பங்களை ஏழு வகையாகப் பிரித்துக் கேட்டார்கள். அடி அவற்றில் ஒன்று. நான்கோ அதற்கு மேலோ வகைகளைச் சொன்னவர்களுக்கு, ஒன்றுமே சொல்லாதவர்களை ஒப்பிட, குடிநோய், போதை, மனச்சோர்வு, தற்கொலை முயற்சி ஆகியவற்றின் அபாயம் நான்கு முதல் பன்னிரண்டு மடங்கு இருந்தது. மாரடைப்பு, புற்றுநோய், நுரையீரல் நோய் ஆகியவற்றோடும் படிப்படியான தொடர்பு தெரிந்தது. எப்போது அடி விழும் என்று தெரியாத வீட்டில் பிள்ளையின் உடல் எந்நேரமும் காவல் காக்கிறது. அந்தக் காவல் தூக்கத்தையும் படிப்பையும் தின்கிறது. ஆபத்து போன பிறகும் உடலுக்குக் காவலை இறக்கத் தெரிவதில்லை.

இவை சராசரிகள். ஒருவரின் தலையெழுத்தை எந்தச் சராசரியும் எழுதாது. அன்பான ஒரு பாட்டியோ வாத்தியாரோ இருந்து மீண்டவர்கள் ஏராளம். ஆனால் ‘நாம் நன்றாக இருக்கிறோம்’ என்று சொல்லும் கூட்டத்தில், நன்றாக இல்லாதவர்கள் வந்து நிற்பதில்லை. தரவுகளோடு வேலைசெய்யும் எவருக்கும் இந்தப் பிழை பழக்கமானது. தேநீர் மேசையைச் சுற்றி இருந்தவர்களை மட்டும் எண்ணினால் கணக்கு எப்போதும் சரியாகவே வரும். முழுக்கைச் சட்டைக்காரன் அந்த மேசைக்கு வரவில்லை.

*

நான் முதுகலை படிக்க இங்கிலாந்து வந்தது 2003இல். அந்த ஆண்டு ஜனவரியில்தான் லேமிங் பிரபுவின் விசாரணை அறிக்கை வெளியானது. அப்போது அது எனக்கு ஒரு செய்தித்தாள் தலைப்பு. பின்னாளில் அரசுத் துறைத் தரவுத்தளங்களில் வேலைசெய்யத் தொடங்கியபோதுதான் முழுவதும் படித்தேன். புலம்பெயர்ந்தவர் ஒவ்வொருவரும் அதில் ஓர் அத்தியாயமாவது படிக்க வேண்டும் என்பது என் கருத்து.

விக்டோரியா கிளிம்பியே ஐவரி கோஸ்ட்டில் 1991இல் பிறந்தவள். நல்ல படிப்பு கிடைக்கும் என்ற நம்பிக்கையில் பெற்றோர் அவளை அத்தை முறையான உறவுக்காரி ஒருத்தியோடு அனுப்பினார்கள். உறவை நம்பிப் பிள்ளையை வெளிநாட்டுக்கு அனுப்புவது நமக்குப் புதிதா? பிரான்ஸ் வழியாக, வேறொரு பிள்ளையின் பெயரில், 1999 ஏப்ரலில் லண்டன் வந்தாள். 2000 பிப்ரவரி 25 அன்று இறந்தாள். எட்டு வயது. உடலில் 128 காயங்கள்.

அந்தப் பத்து மாதங்களில் அவள் மறைந்து வாழவில்லை. நான்கு வட்டாரங்களின் சமூகநலத் துறைகள், இரண்டு காவல் பிரிவுகள், இரண்டு மருத்துவமனைகள் அவளைப் பற்றி அறிந்திருந்தன. ஜூலையில் முதல் மருத்துவமனையில் இளநிலை மருத்துவர் காயங்களைச் சந்தேகித்தார்; மூத்த மருத்துவர் சொறிசிரங்கு என்றார்; வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். பத்தே நாளில் தலையிலும் முகத்திலும் வெந்த புண்ணோடு இரண்டாவது மருத்துவமனை. குளிப்பாட்டிய செவிலியர்கள் பெல்ட் கொக்கியைப் போன்ற தடத்தைப் பார்த்தார்கள். எல்லாம் முறையாகப் பதிவாகவில்லை. அவளைக் காப்பாற்றியிருக்கக்கூடிய வாய்ப்புகள் என்று லேமிங் எண்ணியவை பன்னிரண்டு. அவள் பொறுப்பு ஒப்படைக்கப்பட்ட சமூகப் பணியாளர், மாதக் கணக்கில், அவளைச் சந்தித்தது நான்கு முறை. மொத்தம் அரைமணி நேரத்துக்கும் குறைவு.

என்னை நிறுத்திய இடம் இது. உறவுக்காரி அறைக்குள் வந்தால் விக்டோரியா விறைப்பாக எழுந்து நிற்பாள் என்று சொன்னார்கள். பெரியவர்களிடம் மரியாதையும் கீழ்ப்படிதலும் ஆப்பிரிக்க-கரீபியக் குடும்பங்களில் முக்கியம். இது அவர்கள் வழக்கம் என்று அந்தப் பணியாளர் எடுத்துக்கொண்டார். பின்னர் விசாரணைக்கு வந்த அவளுடைய அம்மாவும் அப்பாவும், எங்கள் வீட்டில் அவள் அப்படி நிற்க வேண்டியதே இல்லை என்றார்கள். அச்சத்துக்குப் பண்பாடு என்று பெயர் வைத்துவிட்டார்கள். எந்தப் பண்பாட்டுக்கு என்று அந்தப் பண்பாட்டுக்காரர்களிடம் கேட்கவும் இல்லை. பின்னணி எதுவானாலும் பிள்ளையின் பாதுகாப்புக்கு அளவுகோல் ஒன்றே என்பது அறிக்கையின் முடிவு.

தொழில்நுட்பக்காரன் என்ற முறையில் அடுத்து நடந்தது எனக்கு முக்கியம். துறைகள் ஒன்றோடொன்று பேசவில்லை என்பதால், இங்கிலாந்தின் 1.1 கோடிப் பிள்ளைகளையும் ஒரே தரவுத்தளத்தில் சேர்க்க அரசு திட்டமிட்டது. கான்டாக்ட்பாயின்ட் என்று பெயர். அமைக்க 22.4 கோடி பவுண்ட். 2009இல் தொடங்கி, தனியுரிமை எதிர்ப்புகளுக்கிடையே ஆட்சி மாறியதும் 2010 ஆகஸ்டில் அணைக்கப்பட்டது. தகவல் பகிர்வு தேவையானது. என் பிழைப்பே அதுதான். ஆனால் விக்டோரியாவைப் பற்றிய தகவல் பெருமளவு ஏற்கெனவே கோப்புகளில் கிடந்தது. கொக்கித் தடத்தைப் பார்த்தவர் அது என்ன என்று கேட்டு எழுதாவிட்டால், எந்தத் தரவுத்தளமும் அதைத் தானாக எழுதிக்கொள்ளாது.

*

புலம்பெயர்ந்த நம் குடும்பங்களில் அடியைப் பற்றிய பேச்சைவிட ‘சோஷியல்காரர்’ பற்றிய பயம் பெரிது. பிள்ளையைப் பிடித்துக்கொண்டு போய்விடுவார்கள் என்ற பயம். அதற்குக் காரணமே இல்லையென்று நான் சொல்ல மாட்டேன். 2011இல் நார்வேயில் ஓர் இந்தியத் தம்பதியின் இரண்டு பிள்ளைகளை அரசு எடுத்துக்கொண்டது; இரு நாட்டு அரசுகளும் பேசிய பின் மறு ஆண்டு பிள்ளைகள் இந்தியாவுக்கு வந்தார்கள். பிறகு திரைப்படமாகவும் வந்தது. பண்பாட்டைத் தெரியாமல் ஒரு குடும்பத்தைத் தவறாகப் படிக்கவும் கூடும். பண்பாடு என்று சொல்லி ஒரு பிள்ளையைக் கைவிடவும் கூடும். இரண்டு பிழைக்கும் மருந்து ஒன்றுதான்: பிள்ளையிடம் போய், பிள்ளைக்குத் தெரிந்த மொழியில், நேரம் எடுத்துப் பேசுவது.

சட்டமும் நாட்டுக்கு நாடு மாறுகிறது. ஸ்வீடன் 1979இல் பெற்றோர் அடிப்பதையும் தடைசெய்த முதல் நாடு. நார்வே 1987இல், ஜெர்மனி 2000இல், பிரான்ஸ் 2019இல் அதே வழிக்கு வந்தன. ஸ்காட்லாந்து 2020இலும் வேல்ஸ் 2022இலும் ‘நியாயமான தண்டனை’யை நீக்கின, இங்கிலாந்தில் 1860இன் அந்தச் சொல் இன்னும் உயிரோடு இருக்கிறது. கனடாவில் 2004இல் உச்ச நீதிமன்றம் குற்றவியல் சட்டத்தின் 43ஆம் பிரிவை வைத்துக்கொண்டே அதைக் குறுக்கியது: இரண்டு வயதுக்குக் கீழே கூடாது, பதின்வயதினரைக் கூடாது, பொருளால் அடிக்கக் கூடாது, தலையில் கூடாது. இந்தியாவில் 2009இன் கல்வி உரிமைச் சட்டம் பள்ளிகளில் அடியைத் தடைசெய்தது. வீட்டுக்குள் மட்டும் பழைய ‘நல்லெண்ணம்’ தொடர்கிறது.

நம் வீடுகளில் அடிக்கிற பெற்றோர் பலர் கொடியவர்கள் அல்லர். இரண்டு வேலை, குளிர், தனிமை, கையில் பிள்ளையைப் பிடிக்க அம்மாவும் மாமியாரும் இல்லாத வீடு. அவர்களுக்கு உதவி வேண்டும். வெட்கப்படாமல் கேட்க ஓர் இடம் வேண்டும். ஆனால் அவர்களுடைய களைப்பைப் புரிந்துகொள்வது ஒரு வேலை, பிள்ளையின் காதில் கன்றியிருப்பதைப் பற்றிக் கேட்பது இன்னொரு வேலை. முதலாவது இரண்டாவதைத் தள்ளிப்போடக் கூடாது.

லேமிங்கின் பரிந்துரைகள் 108. அவற்றில் ஒன்று, ஆங்கிலம் தாய்மொழியல்லாத பிள்ளையிடம் பேசும்போது மொழிபெயர்ப்பாளரை அமர்த்த வேண்டும் என்பது. அதைப் படிக்கும்போது எங்கள் சனிக்கிழமை வகுப்பை நினைத்துக்கொள்வேன். சென்ற ஆண்டு வந்த பிள்ளைகளில் சிலருக்கு இன்னும் ஆங்கிலம் வரவில்லை. பகல் பள்ளியில் ஆசிரியர் கேட்டால் தலையசைத்துவிட்டு உட்கார்ந்துவிடுவார்கள். வாரத்தில் அவர்கள் மனம்விட்டுப் பேசக்கூடிய, வீட்டுக்கு வெளியிலுள்ள பெரியவர்கள் எங்கள் அகரம் சொல்லிக்கொடுக்கும் அறையில்தான் இருக்கிறார்கள். அப்படி ஒரு பிள்ளை வாயைத் திறந்தால் செய்யவேண்டியது அதிகமில்லை. கேட்க வேண்டும். ‘யாரிடமும் சொல்ல மாட்டேன்’ என்று வாக்குக் கொடுக்கக் கூடாது. சொன்னதை அதே சொற்களில் எழுதிவைத்து, பள்ளியின் பாதுகாப்புப் பொறுப்பாளரிடம் அன்றே கொடுக்க வேண்டும். பிள்ளைகள் தாமாகவே அழைக்க பிரிட்டனில் 0800 1111, இந்தியாவில் 1098, இலங்கையில் 1929.

இந்த எண்களை வகுப்பறைச் சுவரில், உயிரெழுத்து அட்டைக்குப் பக்கத்தில், பிள்ளைகளின் கண்மட்டத்தில் தமிழில் எழுதி ஒட்டியிருக்கிறோம்.